வெளிக்களத்தில் ஒரு தை மாதம்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பேச அழைத்தபோது செயலாளர் அக்கா தந்த தலைப்பு "நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் உடல்நலம்" என்பது. வைத்தியர் ஒருவரை மேடையேற்றினால் வேறென்ன தலைப்புக் கொடுப்பார்கள்? அதில் சொல்ல வேண்டியது மூன்று வரிதான். சீனியைச் சோதியுங்கள். பிறசரைச் சோதியுங்கள். மார்பில் கட்டி தென்பட்டால் ஒரு கிழமைகூடத் தள்ளிப்போடாதீர்கள். அது முடிந்தது. மிகுதி நேரத்தில் பறவைகளைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டோம். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

இந்த உரையை எழுதியது ஐந்து பேர். ஒரே வகுப்பில் இருந்த ஐந்து பேர். ஒருத்தி இலண்டனில், ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி மெல்பேணில், ஒருத்தி கொழும்பில், ஒருத்தி இன்னும் உடுப்பிட்டியில். மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் "நான்" என்று ஓரிடத்திலும் சொல்லக்கூடாது என்பது மற்ற நால்வரின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே "நாங்கள்".

எட்டாம் வகுப்பில் ஓர் ஐப்பசிக் காலை. முதல் நாள் இரவு முழுக்க வாடைக்காற்றும் மழையும். வகுப்பறை விறாந்தையில் ஒரு குருவி கிடந்தது. முதுகு பச்சை, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, வாலடியில் குங்குமச் சிவப்பு. செத்துப்போய்விட்டதென்று நினைத்து ஒருத்தி கிட்டப் போக, அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. விஞ்ஞான ரீச்சர் ஓடிவந்து அதைச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டார். "இது கடல் தாண்டி வந்த பிள்ளை. ஒருத்தரும் தொடப்படாது" என்றார். பின்னேரம் பெட்டியைத் திறந்தபோது தத்தித் தத்தி வேலிக்குப் போய், அங்கிருந்து இரட்டைச் சீழ்க்கையாக ஒருமுறை கூவியது. நேரம் ஆறு மணி இருக்கும். மின்சாரம் இல்லாத ஆண்டுகள் அவை. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்துகிற நேரம்.

ஆறுமணிக் குருவி என்று அதற்குப் பெயர். விடியவும் பொழுதுபடவும் கூவும். இமயமலை அடிவாரக் காடுகளிலும் வட, நடு இந்தியாவிலும் கூடு கட்டி, மாரியில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருவது. கோடியக்கரைக்கும் எங்கள் கரைக்கும் இடையில் ஏறக்குறைய 60 கிலோமீற்றர் கடல். வல்வெட்டித்துறை வள்ளங்கள் போய்வந்த அதே கடல். இரவோடிரவாக அதைத் தாண்டிய குருவிக்கு முதலில் தென்படுகிற நிலம் எங்கள் வடமராட்சி. களைத்துப்போன குருவி எங்கள் விறாந்தையில் விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் நாங்கள் ஒரு பறவையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் அதிசயம்.

இதைச் சொல்லும்போது தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தைச் சொல்லாமல் போக முடியாது. இங்கே விஞ்ஞானம் படித்த எவரையும் கேளுங்கள், அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் வயிற்றைக் கலக்கும். உயர்தரத்துக்கு முன்னர் "வெளிக்கள நிலையப் பேப்பர்". அதில் எத்தனை புள்ளி என்பதை வைத்துத்தான் ஊரே எங்கள் தலையெழுத்தை வாசித்தது. விடிய நாலு மணிக்கு எழும்பி அந்தப் பேப்பர்களைச் செய்தோம். வெளிக்களம் என்றால் வெளியே உள்ள களம், போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை. மாணவர்களை நீருக்கும் சேற்றுக்கும் கூட்டிப்போய்க் காட்டவென்று உருவான நிலையம் அது. நாங்கள் படித்த காலத்தில் தொண்டைமானாற்றுக் கரை சும்மா போய் நிற்கக்கூடிய இடமாக இல்லை. ஆகவே களம் போய்ப் பேப்பர் மிஞ்சியது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தப் பேப்பர் இல்லாவிட்டால் இன்று மேடையில் நிற்பவர் வைத்தியராக வந்திருக்கவும் மாட்டார்.

கடந்த தை மாதம் நாங்கள் ஐவரும் ஊரில் கூடினோம். கோயில், கலியாண வீடு, சாப்பாடு எல்லாம் முடிந்து நாலு நாள் மிஞ்சியது. ஊரில் இருப்பவள்தான் சொன்னாள்: "வாங்கோ, வெளிக்களம் போவம்."

முதல் நாள் தொண்டைமானாறு. பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். நாங்கள் ஓட்டோவில் போனோம், முழங்கால் இப்போது அப்படி. சந்நிதி முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் பாலமும் அணையும். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, மழைநீரைத் தேக்கி, வடமராட்சிக் கடல்நீரேரியை மெல்ல மெல்ல நன்னீராக்கலாம் என்ற பெரிய திட்டத்தின் ஒரு பகுதியாக 1950களில் கட்டிய அணை. நன்னீர் ஆயிற்றா என்பது பொறியியலாளர்கள் பேச வேண்டிய கதை. பறவைக்கு அதில் வேறு கணக்கு உண்டு. பாலத்தில் வீச்சுவலையோடு நின்ற ஐயா ஒருவர் அதை எங்களுக்கு இரண்டு வசனத்தில் படிப்பித்தார். "கதவு துறந்தால் தண்ணி வத்தும், சேறு தெரியும், உள்ளான் இறங்கும். கதவு பூட்டினால் தண்ணி ஏறும், தாராவும் நீர்க்காகமும் வரும்."

உள்ளான் என்று நாங்கள் ஒரே சொல்லில் முடித்துவிடுகிற கூட்டத்துக்குள் எத்தனை இனம்! ஒவ்வொன்றின் சொண்டும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வளைவு. பார்க்கப் பார்க்க சத்திரசிகிச்சைக் கூடத்துத் தட்டுத்தான் நினைவுக்கு வந்தது. சின்னது மேற்சேற்றைக் கொத்துகிறது. பவளக்காலி ஓரங்குலம் இறக்குகிறது. கோட்டான் வளைந்த நீளச் சொண்டை அடிமட்டும் செலுத்தி நண்டை இழுக்கிறது. ஒரே சேறு, வெவ்வேறு ஆழம், ஆளுக்காள் போட்டி குறைவு. இந்தச் சொண்டுகளின் நுனி எங்கள் விரல்நுனியைப் போல நரம்பு முனைகள் நிறைந்தது. சேற்றுக்குள் புழு அசைவதைத் தொடாமலே உணரும். சொண்டின் அடி மூடியிருக்க நுனியை மட்டும் திறந்து பிடிக்கவும் சில இனங்களால் முடியும். கண் தெரியாத ஆழத்தில் விரலால் தேடி இரத்தக்குழாயைப் பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீடுகளில் உள்ளான் கறி சமைத்திருக்கிறார்கள். நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம், ருசி என்றும் சொல்லியிருக்கிறோம். வட துருவத்து ஓரத்திலிருந்து வந்த 30 கிராம் உயிரைத் தின்கிறோம் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சாப்பிட்டிருப்போம் என்றுதான் நினைக்கிறோம்.

அந்த 30 கிராமைப் பற்றிக் கொஞ்சம் தொழில் பேச விடுங்கள். நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகள் புறப்பட முன்னர் சில கிழமைகள் தின்று தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. மிக நீண்ட பயணம் போகும் சில இனங்கள் இரைப்பையையும் குடலையும் ஈரலையும் சுருக்கிக்கொள்கின்றன. பறக்கும்போது சமிபாடு தேவையில்லை, பாரம் எதற்கு? போய்ச் சேர்ந்ததும் அந்த உறுப்புகள் திரும்ப வளர்கின்றன. மனித ஈரல் வெட்டினால் வளரும் என்று பெருமையாகப் படித்தோம். இதன் முன் அது என்ன? 2022இல் அந்த ஆண்டே பொரித்த ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றரை 11 நாளில், எங்கும் இறங்காமல், உண்ணாமல் பறந்ததை அதன் முதுகில் பூட்டிய கருவி காட்டியது. வயது ஐந்து மாதம். எங்கள் பக்கத்தில், மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பூட்டிய கடற்காகங்கள் ரஷ்யாவின் வடமுனையில் உள்ள யமால் குடாநாடு வரை போனது தெரியவந்தது. ஒரு குடாநாட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு குடாநாட்டுக்கு.

வட துருவக் கரையிலிருந்து மத்திய ஆசியா, இமயம், இந்தியா வழியாக இந்து சமுத்திரம் வரை வருகிற இந்தப் பாதைக்கு மத்திய ஆசியப் பறப்புப் பாதை என்று பெயர். ஏறக்குறைய முப்பது நாடுகளைக் கடக்கிறது. எங்கள் தீவு அதன் தென்நுனி. அதற்குத் தெற்கே தண்ணீர்தான். இங்கே ஒரு சேற்று நிலம் இல்லாமற்போனால் "அடுத்த ஊருக்குப் போ" என்று பறவைக்குச் சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் சுண்டிக்குளம். விடிய நாலு மணிக்கு வான் பிடித்தோம். பருத்தித்துறை தாண்டி, வல்லிபுரம் தாண்டி, மணற்காட்டுச் சவுக்குகள் இருட்டில் இரைய, குடத்தனை, அம்பன். நாகர்கோவில் பாடசாலையடியில் வானுக்குள் பேச்சு நின்றது. 1995 செப்ரெம்பர் 22ஆம் திகதி அங்கே குண்டு விழுந்து இறந்த பிள்ளைகளில் பலர் எங்கள் வயதை ஒட்டியவர்கள். சாரதி தானாகவே வேகத்தைக் குறைத்தார். பிறகு மருதங்கேணி, சுனாமி நினைவிடம் உள்ள உடுத்துறை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. இந்த வீதியில் போவதென்றால் இறந்தவர்களைக் கடந்துதான் போக வேண்டும். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் வேறு வழி இல்லை.

சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாக 1938இல் அறிவிக்கப்பட்டது. 2015இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 19,565 ஹெக்ரெயர். கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து வந்து விழுகிற நீரேரி. கிழக்கே கடலுக்கும் அதற்கும் இடையில் ஒரு மணல்மேடு. பெருமழையில் அது உடைத்துக் கடலோடு கலக்கும், கோடையில் மூடிக்கொள்ளும். உவரும் நன்னீரும் மாறி மாறி வருவதால் இரையும் மாறி மாறி வருகிறது. அதுதான் இத்தனை பறவைக்கும் காரணம்.

இதே நீரேரியை நாங்கள் முன்னரே பார்த்திருக்கிறோம். பார்த்தோம் என்பது சரியல்ல, கடந்திருக்கிறோம். 1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின் குடாநாட்டிலிருந்து வெளியே போக இருந்த வழிகளில் ஒன்று கொம்படி–ஊரியான். இரவில், விளக்கில்லாமல், முழங்கால் தண்ணீருக்குள். இப்போது ரொறன்ரோவில் இருப்பவள் 1991 தையில், 11 வயதில், தாயோடும் தம்பியோடும் அதைத் தாண்டினாள். நடுத் தண்ணீரில் திடீரென்று தலைக்கு மேலே பெரிய இரைச்சல். "ஹெலி!" என்று யாரோ கத்த, தாய் இவளின் தலையைத் தண்ணீருக்குள் அமத்திப் பிடித்தார். உப்புத் தண்ணீர் மூக்கால் வாயால் போனது. இரைச்சல் கடந்து போயிற்று, சூடு விழவில்லை. வவுனியாவில் மாமன் வீட்டுக்குப் போய் நாலு மாதத்தில் திரும்பி வந்து வகுப்பில் அவள் சொன்ன இந்த ஹெலிக் கதையை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஓ எல் முடியும் வரை கேட்டிருக்கிறோம்.

வான் நின்றபோது கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. நீரில் கறுப்பாக ஒரு திட்டு. தீவு என்று நினைத்தோம். கொழும்புக்காரி இரவல் வாங்கி வந்த தொலைநோக்கியால் பார்த்தால், தீவு அசைகிறது. ஊசிவால் வாத்துகள். ஆயிரக்கணக்கில். அவற்றுக்கு அப்பால் பூநாரைகள், தலையைத் தலைகீழாகப் பிடித்து நீரை வடிகட்டிக்கொண்டு. இளசுகள் சாம்பல் நிறம். தின்னும் சிறு இறாலிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் பிறகு அவற்றைச் சிவக்க வைக்கும்.

எண்ணத் தொடங்கினோம். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறதென்று கண்ணால் அளந்து, அதை நூறாக்கி, நூறைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஐவரும் தனித்தனியே எண்ணிக் கொப்பியில் எழுதிக் காட்டினோம். ஆகக் குறைவு 1,400. ஆகக் கூட 4,000. நாலாயிரம் என்றவள் கணக்காளர். உங்கள் வரிக்கணக்கை அவளிடம் கொடுக்காதீர்கள்.

வாதாடிக்கொண்டு நிற்கும்போது கடற்கழுகு ஒன்று தாழ வந்தது. முழுத் திட்டும் ஒரே தரம் எழும்பியது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? பெரிய பாய் ஒன்றை நாலு பக்கமும் பிடித்து உதறியது போல. பிறகு அது தலைக்கு மேலே வந்தபோது நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்கிற இரைச்சல். திரும்பிப் பார்த்தால் ரொறன்ரோக்காரி மணலில் குந்தியிருந்தாள். இரண்டு கையும் தலையில். வைத்தியர் என்ற முறையில் நாடியைப் பிடித்தால் 130. கூட்டம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"இதடி அது."

அந்த இரவில் மேலால் போனது ஹெலியா, வாத்தா என்று நிரூபிக்க முடியாது. ஹெலி வந்த இரவுகள் உண்டு. ஆனால் மாதம் தை, இடம் இதே நீர், ஒரு சூடும் விழவில்லை. அவள் காது அடையாளம் கண்டதை மறுக்க எங்களிடம் காரணமில்லை. கனடாவில் முப்பது ஆண்டு அந்தத் தாய் ஹெலிச் சத்தம் கேட்டால் யன்னலைப் பூட்டினாராம். மூன்று வருடத்துக்கு முன்னர் காலமானார். "அம்மாவுக்குச் சொல்ல ஏலாதே" என்று மட்டும் சொன்னாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள், கை நடுங்கியபடி.

வாத்தும் மனிசரும் ஒரே இரவில் ஒரே தண்ணீரில் பயந்திருக்கிறோம். ஆனால் இதை வைத்து "நாமும் புலம்பெயர் பறவைகள்" என்று யாராவது கவிதை எழுத வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், இந்த மலரில் ஏற்கெனவே இரண்டு இருக்கக்கூடும். பறவை போகும்போதே திரும்பும் நாள் அதன் உடம்புக்குள் இருக்கிறது. வாடையோடு வரும், சோளகம் பெயர முன்னர் போய்விடும். அடுத்த வாடைக்குத் திரும்ப வரும். எங்களில் யாருக்கும் அப்படி ஒரு பருவம் வாய்க்கவில்லை.

திரும்பும் வழியில் தொழிலாளி ஒருவரிடம் இறால் வாங்கினோம். எங்கள் கழுத்தில் தொலைநோக்கியைக் கண்டதும் முகம் இறுகியது. "பறவைக்கு எல்லை போட்டாச்சு. எங்கட வாடிக்கு எல்லை எங்கை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல தடவை இடம்பெயர்ந்து, சுனாமியிலும் இழந்து, திரும்பி வந்து காணியில் எல்லைக்கல்லைக் கண்டவர்களுக்குப் பூங்கா என்ற சொல் இன்னொரு வேலி. பறவையைக் காப்பாற்றப் போகிறவர்கள் அவரை எதிராளி ஆக்கினால் பறவையும் மிஞ்சாது. எந்தச் சேற்றில் எப்போது எது இறங்கும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். அந்தப் பாலத்து ஐயாவுக்கும் தெரியும். அவர்களைக் கேட்டு எழுத ஆள் இல்லை.

இனிச் சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது இலங்கைப் பறவைகள் கழகம். தொடங்கிய ஆண்டு 1987. அதே ஆண்டு வைகாசியில்தான் 'ஒப்பரேசன் லிபரேசன்' வடமராட்சிக்குள் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை தை, தொலைநோக்கி வைத்திருப்பவர் எந்தப் பக்கத்துக்கும் சந்தேகத்துக்குரியவர் என்ற நிலையில், எங்கள் நீரேரிகளில் நின்று எண்ண முடியாமற் போயின. பறவை வந்துகொண்டுதான் இருந்தது. இன்று கரையில் குப்பை கொட்டுகிறார்கள், பளைப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன, ஏரிக்குள் புதிய பண்ணைகள் பற்றிப் பேசுகிறார்கள். இவற்றால் பறவை குறைந்ததா என்று யாராவது கேட்டால், முந்தி எவ்வளவு என்று காட்ட எங்களிடம் ஒரு கொப்பிகூட இல்லை. முதல் நாள் அளந்த பிறசர் தெரியாமல் நோயாளி தேறிவிட்டாரா என்று எப்படிச் சொல்வது?

நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு கட்டும் ஆலோசனை இருப்பதை அறிவோம். வளைவு அழகாகத்தான் இருக்கும். அதன் செலவில் ஒரு பங்கைத் தந்தால் ஆறு தொலைநோக்கிகளும், முக்காலியில் நிறுத்தும் பெரியது ஒன்றும், தடித்த மட்டை போட்ட கொப்பி ஒன்றும் வாங்கலாம். ஒவ்வொரு தையிலும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தொண்டைமானாற்றுப் பாலத்தில் நின்று எண்ணி எழுதட்டும். பிழையாக எண்ணட்டும், பரவாயில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதிரிப் பிழையாக எண்ணினால் அதுவும் ஒரு கணக்குத்தான். புள்ளி போட வேண்டாம். போட்டால் பேப்பர் ஆகிவிடும்.

கொப்பியின் முதற் பக்கத்தை நாங்கள் நிரப்பிவிட்டோம். ஊசிவால் வாத்துக்கு எதிரே ஐந்து எண்கள் எழுதி, நாலாயிரத்தை மட்டும் வெட்டியிருக்கிறோம். கணக்காளர் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

வரும் தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, விடிய ஐந்தரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்போம். வெள்ளை உடுப்பு வேண்டாம். சேற்றுக்கு ஏற்ற செருப்பு, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். சீனி வருத்தக்காரர் பிஸ்கற் கொண்டுவாருங்கள். தேநீர் ரொறன்ரோக்காரியின் பொறுப்பு, ரிக்கற் எடுத்துவிட்டாள்.